1,365 கிலோமீட்டர் மைதானமும் நந்தனம் மதில் சுவரும்



சென்ற இதழில் மாம்பலம் ஏரி தியாகராய நகராக மாறிய கதையை எழுதியிருந்தேன். லிஃப்டில் நிறுத்திப் பாராட்டியவர்களுக்கு நன்றி. "அடுத்தது என்ன சார்?" என்று கேட்டவர்களிடம் "கோல்ஃப்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முப்பத்தெட்டு வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவனுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்?

எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. சைதாப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் அண்ணா சாலை வழியாக வேலைக்குப் போன நாட்களில், நந்தனத்தில் ஒரு நீண்ட மதில் சுவரைத் தினமும் கடந்திருக்கிறேன். உள்ளே கோல்ஃப் மைதானம் என்று தெரியும். சுவருக்கு மேலே மரங்களின் தலை தெரியும், அவ்வளவுதான். உங்களில் பலரும் மெட்ரோவில் அதே வழியாகப் போகிறீர்கள். இப்போது பூமிக்கு அடியில் போவதால் சுவரும் தெரிவதில்லை.

போன ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். "அப்பா, ஒரு கேரவன் வாடகைக்கு எடுத்து நல்லார்பார் சமவெளியைக் கடக்கலாம். வழியிலேயே கோல்ஃப் ஆடிக்கொண்டு போகலாம்" என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, உலகத்திலேயே மிக நீளமான கோல்ஃப் மைதானம் அங்கேதான் இருக்கிறது.

கணக்குப் பிள்ளையின் பழக்கம், எண்களைச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் நல்லார்பார் லிங்க்ஸ். மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்கூர்லி என்ற தங்கச் சுரங்க ஊரில் தொடங்கி, தெற்கு ஆஸ்திரேலியாவில் செடூனா என்ற கடலோர ஊரில் முடிகிறது. நீளம் 1,365 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சாலை வழியாக மும்பை போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 18 குழிகள். நெடுஞ்சாலை ஓரத்தில் பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை, தங்கும் அறை மூன்றும் சேர்ந்த இடங்களை அங்கே ரோட்ஹவுஸ் என்கிறார்கள். பெரும்பாலும் ஒவ்வொரு ரோட்ஹவுஸ் பக்கத்திலும் ஒரு குழி. ஒரு குழியை ஆடி முடித்துவிட்டு, நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய் அடுத்த குழியை ஆட வேண்டும். 2009-ல் திறந்தார்கள். நோக்கம் சாதாரணமானது. யாரும் நிற்காமல் கடந்து போகிற சாலையில் பயணிகளை நிற்க வைப்பது. தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுபவர்களை இறங்கிக் கை காலை நீட்ட வைப்பது.

நல்லார்பார் என்றால் லத்தீனில் 'மரம் இல்லை' என்று பொருள். பெயருக்கு ஏற்ற பூமிதான். பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்தில் ஒரு பாய் அளவுக்குச் செயற்கைப் புல். குழி இருக்கும் இடத்தில் இன்னொரு செயற்கைப் புல் தளம். நடுவில் எல்லாம் செம்மண், சரளைக் கல், உப்பு நிறச் செடிகள். டிவியில் பார்க்கும் பச்சைக் கம்பளத்தை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். அதே நாட்டில் கூபர் பெடி என்ற ஓப்பல் கல் சுரங்க ஊரின் மைதானத்தில் புல்லே கிடையாது. குழியைச் சுற்றிய இடத்தை எண்ணெய் கலந்த மணலால் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள். ஆடுபவர் ஒரு துண்டுப் புல்தரையைக் கையோடு கொண்டுபோய், ஒவ்வொரு முறையும் அதன் மேல் பந்தை வைத்து அடிக்கிறார். நம் நாட்டிலும் தண்ணீர் இல்லாத ஊர்களில் ஒரு காலத்தில் இப்படி மண்ணும் மணலும்தான். 'கிரீன்' என்று சொல்ல வேண்டிய இடத்தை 'பிரவுன்' என்றே சொன்னார்கள். மேட்டூர் அணையில் தண்ணீர் வராத வருடத்தில் நாம் புது நெல்லைப் பற்றிப் பேசுவது போல, புல் இல்லாமலேயே புல் விளையாட்டு.

முதல் குழியிலேயே எனக்கு ஒரு பாடம். அதன் பெயர் சி.ஒய். ஓ'கானர். அவர் கோல்ஃப் வீரர் இல்லை, பொறியாளர். தங்கம் கிடைத்த கல்கூர்லியில் குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது, 530 கிலோமீட்டர் தூரத்துக்குக் குழாய் போட்டு மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் திட்டத்தைத் தந்தவர். நடக்காத காரியம் என்று கேலி செய்தார்கள், பத்திரிகைகளில் திட்டினார்கள். 1902-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு, 1903-ல், தண்ணீர் வந்து சேர்ந்தது. வீராணம் குழாய் 2004-ல் சென்னைக்கு வரும்வரை அதைப் பற்றி நாம் என்னென்ன பேசினோம் என்று பழைய குடியிருப்பாளர்களுக்கு நினைவிருக்கும். லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்தவர்கள் அந்தக் குழியின் முன் ஒரு நிமிடம் நிற்கத்தான் செய்வார்கள்.

பலடோனியா என்ற இடத்துக் குழியின் பெயரைக் கேட்டால் என் வயதுக்காரர்கள் துள்ளிக் குதிப்பீர்கள். ஸ்கைலேப்! 1979 ஜூலையில் அமெரிக்க விண்வெளி நிலையம் தலையில் விழப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்ததே, அதேதான். நான் அப்போதுதான் பி.காம் முடித்திருந்தேன். உலகமே முடியப்போகிறது, வேலைக்கு ஏன் விண்ணப்பம் போட வேண்டும் என்று மயிலாப்பூரில் குளத்தங்கரையில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். கடைசியில் அது விழுந்தது இந்தப் பாலைவெளியில். துண்டுகளை ரோட்ஹவுஸில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்து எஸ்பெரன்ஸ் நகராட்சி, குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்ததாம். நம் சங்கச் செயலாளர் கவனிக்க: குப்பைக்கு அபராதம் போட ஆள் எவ்வளவு பெரியவர் என்று பார்க்க வேண்டியதில்லை.

அங்கிருந்து அடுத்த குழி வரைக்கும் சாலையில் ஒரு வளைவுகூட இல்லாத 146 கிலோமீட்டர். சென்னையிலிருந்து வேலூர் தாண்டும் வரை ஸ்டியரிங்கைத் திருப்பவே வேண்டாம் என்றால் எப்படியிருக்கும்? பேத்தி தூங்கிவிட்டாள். மருமகள் கேரவனில் தயிர் சாதம் பிசைந்து வைத்திருந்தாள். சாப்பிட்டோம். நான் அடித்த பந்தை ஒரு காகம் கவ்விக்கொண்டு போனது. அமாவாசைக்குச் சோறு வைத்தால் வராத காகம் இதற்கு மட்டும் வருகிறதே என்றாள் என் மனைவி. செடூனாவில் சோதனைச் சாவடி. பழம், காய்கறி எதுவும் மாநில எல்லை தாண்டக் கூடாது என்று மீதமிருந்த தக்காளியையும் எலுமிச்சையையும் வாங்கிக்கொண்டார்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தச் சாலையின் பெயர் அயர் நெடுஞ்சாலை. எட்வர்ட் ஜான் அயர் என்ற ஆங்கிலேயர் 1841-ல் அந்த வறண்ட கரையோரமாகக் கிழக்கிலிருந்து மேற்கே கடந்தார். பள்ளிப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது, நெடுஞ்சாலைக்கும் அவர் பெயர்தான். ஆனால் அவர் தனியாகக் கடக்கவில்லை. வழியில் கூட்டத்தில் கொலை விழுந்து, மற்றவர்கள் பிரிந்து போன பிறகு, கடைசிவரை அவரோடு நடந்தவர் வைலி என்ற பூர்வகுடி இளைஞர். இருவரும் சேர்ந்துதான் ஆல்பனி போய்ச் சேர்ந்தார்கள். சாலைப் பலகைகளில் அயர் பெயரைப் படித்துக்கொண்டே போனோம். வைலியைப் பற்றி மகன்தான் எனக்குச் சொன்னான்.

அதைக் கேட்டபோது என் தோளில் மகனின் கோல்ஃப் பை இருந்தது. பத்துப் பன்னிரண்டு மட்டைகள், பந்துகள், குடிநீர். வெயில் அதிகமில்லை, அங்கே குளிர்காலம். ஆனாலும் இரண்டு குழிக்குள் தோள் பட்டை வலித்துவிட்டது. "அங்கே மைதானத்தில் இதைத் தூக்க ஆள் இருப்பார்கள் அல்லவா?" என்றேன். "ஆமாம் அப்பா, கேடி" என்றான். அந்தச் சொல் என்னை நாற்பது வருடம் பின்னால் கொண்டுபோனது.

அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம். கோல்ஃப் ஸ்காட்லாந்துக்காரர்களின் விளையாட்டு. 1457-லேயே அவர்களுடைய அரசர், மக்கள் வில்வித்தை பழகாமல் இதிலேயே பொழுதைக் கழிக்கிறார்கள் என்று தடை போட்டார். எழும்பூரில் 1821-ல் திறந்த ஸ்காட்லாந்துத் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வியாபாரத்துக்கும் பட்டாளத்துக்கும் போன இடமெல்லாம் இந்த விளையாட்டும் போனது. 1829-ல் கல்கத்தாவில் கிளப் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுதான் மிகப் பழையது. பெங்களூரில் 1876, கொழும்பில் 1879, கொடைக்கானலில் 1895.

நம் ஊரில் 1884-ல் மெட்ராஸ் ஜிம்கானா கிளப் தொடங்கியது. தொடக்கத்தில் அது வெள்ளைக்காரர்களின் கிளப். அவர்களுடைய கோல்ஃப் மைதானம் கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் அமைந்தது. குதிரை ஓடும் வட்டத்துக்கு நடுவே கோல்ஃப். இன்னொரு பக்கம், இந்தியர்களும் ஐரோப்பியர்களும் சேர்ந்து பழகுவதற்கென்றே 1873-ல் தொடங்கிய காஸ்மோபாலிடன் கிளப். நான் பஸ்ஸில் கடந்த நந்தனம் மதில் சுவருக்குப் பின்னால் இருப்பது அந்தக் கிளப்பின் வழி வந்த மைதானம். வெள்ளைக்காரர் வாசலில் நிற்க விருப்பமில்லாத நம்மவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது என்பது சரித்திரத்தில் நல்ல பக்கம்தான்.

ஆனால் இரண்டு மைதானத்திலும், ஆடுபவர் வெள்ளையரானாலும் நம்மவரானாலும், பை தூக்கியவர்கள் ஒரே மாதிரியானவர்கள். சுற்றுவட்டாரக் குப்பங்களிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் வந்த பையன்கள். விடியற்காலையில் வாசலில் நிற்பார்கள். ஆள் கிடைத்தால் அன்றைக்குக் கூலி. 18 குழிக்கு ஆறேழு கிலோமீட்டராவது நடக்க வேண்டும், தோளில் சுமையோடு. பந்து எங்கே விழுந்தது என்று பார்ப்பதும், எந்த மட்டை எடுக்கலாம் என்று சொல்வதும், தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று கணிப்பதும் அவர்கள் வேலை. ஆட்டம் அவர்களுக்குத் தெரியும். ஸ்கோர் அட்டையில் அவர்கள் பெயர் இருக்காது.

'கேடி' என்பது 'கேடே' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போன சொல் என்பார்கள். எடின்பரோ தெருக்களில் எடுபிடி வேலை செய்தவர்களுக்கு அந்தப் பெயர் இருந்தது. நம் ஊரில் 'கேடி' என்றால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் பதிவேட்டில் பழைய குற்றவாளிகளைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள் தமிழில் வசவாகிவிட்டன.

எண்பதுகளின் நடுவில் நான் தியாகராய நகரில் ஒரு கிளையில் சேமிப்புக் கணக்குக் கவுண்டரில் இருந்தேன். ஒரு நாள் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கணக்குத் தொடங்க வந்தார். கறுத்த, ஒல்லியான ஆள், வெளுத்த சட்டை, செருப்பில்லாத கால். படிவத்தை அவருக்காக நானே நிரப்பினேன். "என்ன தொழில்?" என்று கேட்டேன். "கேடி சார்" என்றார். நான் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கவுண்டருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். "இதைப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லுப்பா" என்று ஒருவர் சொன்னார். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு விளக்கினார், கிண்டியில் கோல்ஃப் பை தூக்குகிறவர் என்று.

அந்தக் காலத்தில் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். "உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இங்கே கணக்கு வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டேன். "நான் பை தூக்குகிற ஐயா இங்கேதான் வைத்திருக்கிறார், ஆனால் அவரிடம் எப்படிக் கேட்பது" என்றார். நானே கையெழுத்துப் போட்டிருக்கலாம், எனக்கும் அதே கிளையில் கணக்கு இருந்தது. அந்த மாதிரி ஊழியர்கள் போட்டதும் உண்டு. நான் போடவில்லை. "ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்க" என்றேன். படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். திரும்ப வரவில்லை.

1969-ல் பதினான்கு வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினது இந்த மாதிரி மனிதர்களுக்காகத்தான் என்று பணியில் சேர்ந்தபோது எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். தேர்வில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். 2014-ல் ஜன்தன் கணக்குகள் வந்து வரிசை வரிசையாகத் தொடங்கிக் கொடுத்தபோதுகூட அவரை நினைக்கவில்லை. ஒரு பாலைவனத்தில் மகனுடைய பையைத் தூக்கித் தோள் வலித்தபோதுதான் நினைத்தேன். பேரேட்டில் இப்படி ஒரு பதிவு விட்டுப்போனால் ஐந்தொகை எப்படிச் சமன்படும்?

இவர்கள் ஆடத் தெரியாதவர்கள் இல்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பனில், நம்மைப் போல் இந்திய வம்சாவளியில் வந்த 'பாப்வா' சேவ்கோலும் என்ற கேடி இருந்தார். யாரும் முறையாகச் சொல்லித்தராததால் மட்டையைக் கை மாற்றிப் பிடித்தார். அப்படியே ஆடி 1959, 1960, 1964 ஆண்டுகளில் டச்சு ஓபன் வென்றார். 1963-ல் சொந்த ஊரில் நேட்டால் ஓபன் போட்டியில் வெள்ளைக்கார வீரர்களை வென்றபோது, நிறவெறிச் சட்டத்தால் கிளப் கட்டடத்துக்குள் அவரை விடவில்லை. வெளியே மழையில் நிற்க வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. நம் பக்கத்தில், பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009-ல் இந்தியன் ஓபன் பட்டம் வென்றார். கல்கூர்லி பாதை திறந்த அதே ஆண்டு. பை தூக்கிய தோளுக்கும் கோப்பை தூக்கத் தெரியும்.

இப்போது கிண்டிக்கு வருவோம், இது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். பந்தயத் திடலின் 160 ஏக்கர் அரசு நிலம் 1940-களின் நடுவில் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. ஆண்டு வாடகை சுமார் 614 ரூபாய். நம் குடியிருப்பின் ஒரு மாதப் பராமரிப்புத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாடகை உயர்வு பற்றிய வழக்கில் 2023-ல் உயர் நீதிமன்றம் 730 கோடி ரூபாய் பாக்கியைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து திடலுக்குச் சீல் வைத்தது. 118 ஏக்கரில் பூங்கா அமைப்பதாக அறிவித்தது. வேளச்சேரிப் பக்கம் வெள்ளம் வடியக் குளங்களும் வெட்டினார்கள். 2015 டிசம்பரை மறக்காத நமக்கு அந்தக் குளங்களின் அருமை தெரியும்.

கிளப்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அவர்கள் ஆடியதால்தான் நகரத்தின் நடுவே இவ்வளவு நிலம் கட்டடம் ஆகாமல் பிழைத்தது. இதை நான் மறுக்கவில்லை. எங்கள் மாம்பலம் ஏரியில் யாரும் கோல்ஃப் ஆடவில்லை; ஏரியும் இல்லை, திடலும் இல்லை, பனகல் பூங்காதான் மிஞ்சியது. ஆனால் அந்தப் பசுமையைக் காத்த கணக்கில் பை தூக்கியவர், புல் வெட்டியவர், குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டியவர் பெயரும் வரவு வைக்கப்பட வேண்டும். திடல் மூடியபோது முதலில் வேலை போனதும் அவர்களுக்குத்தான்.

நல்லார்பாரில் நார்ஸ்மன் என்ற ஊரில் ஒரு குழிக்கு 'நஜு' என்று பெயர். அந்த மண்ணின் பூர்வகுடி மக்களின் பெயர் அது. ஒரு கோல்ஃப் குழிக்குப் பெயர் வைத்ததால் அவர்கள் இழந்தது திரும்பிவிடாது. ஆனால் அங்கே நின்று பந்தடிக்கும் ஒவ்வொருவரும் அந்தப் பெயரைக் கடந்துதான் போக வேண்டும். கிண்டியில் பூங்கா வரும்போது, ஒரு நடைபாதைக்கோ ஒரு குளக்கரைக்கோ அங்கே சுமந்தவர்களின் நினைவாகப் பெயர் வைக்கலாம் என்று நம் சங்கம் ஒரு மனு அனுப்பினால் என்ன? ஒரு பக்க மனு, நானே தட்டச்சு செய்து தருகிறேன். அடுத்த பொதுக்குழுவில் பேசுவோம்.

கடைசியாக ஒன்று. ஊரிலிருந்து திரும்பி வந்ததும் நம் வாசலில் இஸ்திரி போடுகிறவரிடம் இந்தப் பயணக் கதையைச் சொன்னேன். பத்து வருடமாக அவரிடம் சட்டை கொடுக்கிறேன். "கோல்ஃபா சார்? எங்க அப்பா கிண்டியில பை தூக்கினாரு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வங்கியில் கணக்கு வைத்திருந்தாரா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்விதான், ஆனாலும் வாயில் வந்துவிட்டது. "இல்ல சார், அம்மா சீட்டு கட்டுவாங்க. அப்பாவுக்கு பேங்க்ன்னாலே கூச்சம்" என்றார்.

அவருடைய அப்பாதான் நான் பார்த்தவர் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. எத்தனையோ பேர் பை தூக்கினார்கள். அவர் இப்போது உயிரோடும் இல்லை. ஆனால் மகன் நம் வாசலில் இருக்கிறார், சொல்ல நிறையக் கதைகள் வைத்திருக்கிறார். அடுத்த முறை துணி கொடுக்கும்போது இரண்டு நிமிடம் நின்று கேளுங்கள். கேட்டதை எனக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் அவர் பெயரோடு போடுவோம். அவரிடம் சம்மதம் கேட்டுவிட்டேன்.